இசை எழுதும் வகுப்பில் அயலார்

பன்னிரு ஸ்வர முறை என்னும் கடினமான சங்கீத மார்க்கத்தை வகுத்தவரும், 1913ஆம் ஆண்டில் வியன்னா நகரில் தாம் நடத்திய கச்சேரியொன்று அடிதடியில் முடியும் அளவுக்குச் சபையோரைக் கொதிப்படையச் செய்தவரும், ஆல்பன் பெர்க், அந்தோன் வேபர்ன் ஆகிய இரு பெரும் வித்துவான்களுக்கு ஆசானாக விளங்கியவருமான ஆர்னால்டு ஷோன்பெர்க், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் பெர்லினில் தாம் வகித்த பதவியை இழந்து அமெரிக்காவுக்குக் குடியேறி, 1936இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஆசிரியராக அமர்ந்தார். அங்கே அவர் முன் வந்து உட்கார்ந்த மாணாக்கர்கள் பெர்க்குகளும் அல்லர், வேபர்ன்களும் அல்லர். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராகப் போக எண்ணியவர்களும், பட்டத்துக்கு வேண்டிய பாடங்களில் ஒன்றாக இதையும் எடுத்துக்கொண்டவர்களுமே அவர்களில் மிகுதி. இசையமைப்பாளராக வேண்டும் என்ற கனவோ, அதற்கு வேண்டிய முற்பயிற்சியோ அவர்களிடம் இல்லை.

அறுபது வயதைக் கடந்துவிட்ட அந்த மனிதர், இத்தகைய மாணாக்கர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று நம்மைக் கேட்டால், ‘பெரிய மகான்களின் கீர்த்தியையும் சரித்திரத்தையும் எடுத்துச் சொல்லி, நாலு இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டி அனுப்பிவிட்டிருக்கலாமே’ என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அந்தக் காலத்து அமெரிக்காவில் அதற்கு மதிப்பும் இருந்தது. வால்டர் டாம்ராஷ் என்னும் வாத்திய கோஷ்டித் தலைவர் 1928 முதல் 1942 வரை வானொலியில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்திவந்த சங்கீத ரசனைப் பாடம் தேசமெங்கும் பிரசித்தம். ஷோன்பெர்க்குக்கோ ரசனைப் பாடத்தின்மீது ஒரு மனக்குறை உண்டு. அது சங்கீதத்தின் வாசனையை மட்டும் முகரக் கொடுத்து, புத்தியைத் தொடாமலே விட்டுவிடுகிறது என்பது அவர் அபிப்பிராயம். ஆகவே அவர் தம் மாணாக்கர்களை எழுதச் சொன்னார். கோடைக்காலத்தில் ஆறே வாரம் நடக்கும் வகுப்புக்கென்று, இசையமைப்பில் புதிதாக நுழைகிறவர்களுக்கான மாதிரிகளைத் தொகுத்து 1942இல் ஒரு பாடநூலே எழுதிவைத்தார். செவிப் பயிற்சியைப் பற்றி 1939இல் அவர் எழுதிய கட்டுரையொன்றில் இதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறார். சித்திரம் வரையவும், ஒரு கட்டுரை எழுதவும், சபையில் எழுந்து நாலு வார்த்தை பேசவும் சாதாரண ஜனங்களைப் பழக்க முடிகிறதென்றால், சொற்பமான திறமை உள்ளவர்களையுங்கூட இசையமைப்பின் கருவிகளை அர்த்தத்தோடு கையாளப் பழக்க முடியாதா என்பது அவர் வாதம். அப்படிப் பழக்குவதனால் அவர்களை மேதைகளாக்கிவிட முடியும் என்று அவர் சொல்லவில்லை. கேட்கிற காது உண்டாகும் என்பதே அவர் கொடுத்த உறுதி.

இரசாயனமோ பொருளாதாரமோ படிக்க வந்தவன் சங்கீத வகுப்பிலும் போய் உட்காரலாம் என்ற ஏற்பாடே, முதல் ஆண்டில் எடுத்த பாடத்தோடு மூன்று வருஷமும் கட்டுண்டு கிடக்கும் கல்லூரி வாழ்க்கையில் பழகிய நமக்குச் சற்று விசித்திரமாகத் தோன்றும். அமெரிக்காவில் அது வேரூன்றியதற்கு ஹார்வர்டு சர்வகலாசாலை ஒரு முக்கிய காரணம். 1869 முதல் 1909 வரை நாற்பது ஆண்டுகள் அதன் தலைவராயிருந்த சார்லஸ் எலியட் என்பவர், எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்தாக வேண்டும் என்ற பழைய நியதியைத் தளர்த்தி, மாணாக்கன் தன் விருப்பம்போல் பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் முறையை அங்கே நிலைநாட்டினார். அவர் காலத்திலேயே, 1875இல், ஜான் நோல்ஸ் பெயின் அங்கே சங்கீதப் பேராசிரியராக உயர்த்தப்பட்டார். அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் சங்கீதத்துக்கென்று அமர்ந்த முதல் பேராசிரியர் அவர்தாம். இன்றைக்கு எம்.ஐ.டி. என்று உலகப் பிரசித்தி பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (நம் குரோம்பேட்டையில் உள்ளது வேறு) இயந்திரவியலும் கணினியியலும் படிக்கிற பிள்ளைகள்கூட, பட்டம் பெறுவதற்கு முன் மானுடப் பண்பியல், கலை, சமூக விஞ்ஞானம் சார்ந்த துறைகளில் எட்டுப் பாடங்களைப் படித்தே தீர வேண்டும் என்பது விதி. அவற்றுள் ஒன்றாக இசையமைப்பையும் எடுத்துக்கொள்ள அங்கே இடமுண்டு.

இனி, வகுப்புக்குள்ளே நடப்பது என்ன என்பதைப் பார்ப்போம். ஷோன்பெர்க்கின் வழியில் வந்த ஆசிரியர்கள் பெரும்பாலும் எடுத்துக்காட்டும் ஒரு சிறு பகுதி உண்டு. 1796இல் வெளிவந்த பேத்தோவனின் முதல் பியானோ சொனாட்டா எட்டே தாளக் கட்டங்களில் ஒரு வாக்கியத்தைச் சொல்லித் தொடங்குகிறது. முதலிரண்டு கட்டங்களில் ஒரு சிறு கற்பனை: கீழேயிருந்து தாவித்தாவி மேலேறும் ஸ்வரங்கள், ஏறிய உச்சியில் ஒரு சிறு சுழற்சி. மூன்றிலும் நான்கிலும் அதே கற்பனை, ஆனால் வேறொரு ஆதாரத்தின்மேல் நிற்கிறது. ஐந்தாம் கட்டம் வந்ததும் ஏறுகிற பகுதி கழன்றுபோய்விடுகிறது. சுழற்சி மட்டும் எஞ்சுகிறது. ஆறாவதில் அந்தச் சுழற்சியே இன்னும் ஒரு ஸ்வரம் உயரத்தில். ஏழாவதில் இதுவரை தொடாத உச்சத்தைத் தொட்டு, எட்டாவதில் முடிந்தும் முடியாமலும் நின்றுவிடுகிறது. நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கக்காரரும் கடக்காரரும் குறைப்பு வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதன்று. முழு ஆவர்த்தனமாகச் சொன்ன சொல் பாதியாகி, பாதி காலாகி, சொல் குறுகக் குறுகச் சபையின் மனம் இறுகிக்கொண்டே வந்து, ஒரு கோர்வைக்காகத் தவிக்கிறதல்லவா, அதே காரியத்தைத்தான் அந்த எட்டுக் கட்டமும் ஸ்வரங்களைக் கொண்டு செய்கிறது.

இதைக் கரும்பலகையில் எழுதி விளக்கியான பிறகு, ‘அடுத்த வாரம் இதே அமைப்பில் எட்டுக் கட்டம் எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்று ஆசிரியர் சொல்லும்போதுதான் வகுப்பு உண்மையில் தொடங்குகிறது. பொருளாதாரம் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். சிறுவயதில் இரண்டு வருஷம் பியானோ வகுப்புக்குப் போய், பிறகு பரீட்சைகளின் நெருக்கடியில் விட்டவள். நாலு கட்டம் வரையில் ஒருவிதமாக எழுதிவிடுகிறாள். ஐந்தாவது கட்டத்தில் அவளுக்கு ஒரு பயம் வந்துவிடுகிறது. சொன்னதையே எத்தனை தடவை சொல்வது, கேட்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டாதா என்ற பயம். உடனே முற்றிலும் புதியதொரு மெட்டை அங்கே கொண்டுவந்து நுழைத்துவிடுகிறாள். ஆசிரியர் அந்தக் கட்டத்துக்கு மேலே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, ‘இவர் யார்? இவரை எனக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்கவில்லையே’ என்று கேட்கிறார். வகுப்பு சிரிக்கிறது. அவளும் சிரித்துவிட்டு, புதிய மெட்டை அடித்துவிட்டு, முதற்கட்டத்திலிருந்தே ஒரு துண்டை எடுத்து அங்கே வைத்துப் பார்க்கிறாள். பியானோவில் வாசித்துக் காட்டும்போது அது முன்னதைவிட எவ்வளவோ உயிரோடு இருக்கிறது என்பது அவள் காதுக்கே தெரிந்துவிடுகிறது. கற்பனை வளம் என்றால் புதுப்புதுச் சரக்கை அடுக்கிக்கொண்டே போவது என்று நினைத்து வருகிறவர்களே மிகுதி. கையிலுள்ள கொஞ்சத்தை எத்தனை விதமாகத் திருப்பலாம் என்று பார்க்கப் பழகுவதற்கு அவர்களுக்கு ஒரு பருவம் முழுவதும் பிடிக்கிறது.

இந்த அப்பியாசத்தைச் செய்துபார்த்த ஒருத்தி அதன் பிறகு பேத்தோவனைக் கேட்கும் விதமே வேறாகிவிடுகிறது. ஐந்தாவது கட்டத்தில் எத்தனை வழிகள் திறந்திருந்தன, எந்தெந்த வழியில் போயிருந்தால் விஷயம் கெட்டிருக்கும் என்பதைத் தன் கைப்பட எழுதிக் கெடுத்துப் பார்த்தவள் அவள். மற்றவர்கள் இனிமை என்று மட்டும் உணருகிற இடத்தில் அவளுக்கு ஒரு தீர்மானம் கேட்கிறது. ரசனைச் சொற்பொழிவுகள் நூறு கேட்டாலும் இந்த ஞானம் வருவது அரிது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஷோன்பெர்க் சொன்ன காதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இசையமைப்புக்கு முன்படியாகப் பல கல்லூரிகளில் வைத்திருப்பது, ஸ்வரங்களை ஒருங்கே அடுக்கி ஒலிக்கச் செய்யும் ஹார்மனியும், பல மெட்டுகளை எதிரெதிரே நடத்தும் கவுண்டர்பாயிண்டும். நம் சங்கீதம் ஒற்றை இழையாக ஓடுவது. சுருதி பின்னால் நிற்க, ராகம் ஒரு குரலில் விரிந்துகொண்டே போகிறது. மேல்நாட்டுச் சங்கீதத்தில் பல குரல்கள் ஒரே சமயத்தில் தத்தம் வழியே நடக்கின்றன. ஒவ்வொன்றும் தனியே பாடினால் மெட்டாக இருக்க வேண்டும். சேர்ந்து ஒலிக்கும்போதும் ஒன்றையொன்று கெடுக்கக்கூடாது. இதற்கென்று விதிகள் பல உண்டு. அவற்றுள் புதிய மாணாக்கனை மிகவும் வாட்டுவது இணைப் பஞ்சமம் கூடாது என்ற விதி. கீழ்க்குரல் ஸட்ஜத்திலும் மேற்குரல் பஞ்சமத்திலும் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அடியில் கீழ்க்குரல் ரிஷபத்துக்கும் மேற்குரல் தைவதத்துக்கும் சேர்ந்தே நகர்ந்தால், ஆசிரியர் சிவப்பு மையால் அங்கே இரண்டு இணைகோடு போட்டுவிடுவார். காதுக்கு அப்படியொன்றும் கர்ணகடூரமாக இல்லையே, சரியாகத்தானே இருக்கிறது என்று மாணாக்கன் வாதாடுவான். அவன் சொல்வதும் உண்மைதான். குற்றம் இனிமையின்மையில் இல்லை. இரண்டுக்கு மூன்று என்ற எளிய விகிதத்தில் பிறந்த அந்த இரு ஸ்வரங்களும் இயல்பாகவே ஒன்றோடொன்று கலந்துவிடும் சுபாவம் உடையவை. அவை கைகோத்துக்கொண்டு ஒரே திசையில் நடந்தால், இரண்டு குரல் என்று நாம் நினைத்தது கேட்கிறவன் காதில் ஒரே குரலாய்த் தடித்துவிடுகிறது. குரல்கள் தனித்தனியே வாழ வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வகுப்பில், அவை ஒன்றில் ஒன்று கரைந்துபோவது குற்றமாகிறது. காரணத்தை இப்படிச் சொல்லாமல் விதியை மட்டும் சொல்லிச் சிவப்பு மையைத் தீட்டும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிறதுறை மாணாக்கர்கள் நடுவிலேயே வகுப்பைவிட்டு ஓடிப்போவதற்கு அவர்களே பாதி காரணம்.

இந்த விதிகள் ஓர் அமெரிக்கக் கல்லூரியில் முளைத்தவை அல்ல. வியன்னா அரசவையின் சங்கீத வித்துவானாயிருந்த யோஹான் யோசெப் ஃபுக்ஸ் 1725இல் லத்தீன் மொழியில் எழுதி வெளியிட்ட நூலொன்றில், குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் சம்வாத வடிவில், எளியதிலிருந்து கடினமானதுக்கு ஐந்து படிகளாக அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. முதற்படியில் கொடுத்த ஒரு ஸ்வரத்துக்கு எதிரே ஒரே ஸ்வரம். இரண்டாவதில் ஒன்றுக்கு இரண்டு. மூன்றாவதில் ஒன்றுக்கு நான்கு. அப்புறம் தாளத்தில் பிந்தி வருவது. கடைசியில் எல்லாம் கலந்தது. அந்த நூலை வைத்துக்கொண்டு ஹைடன் தாமாகவே பயின்றார். மொசார்ட் தம் மாணாக்கர்களுக்கு அதிலிருந்தே சொல்லிக்கொடுத்தார். பேத்தோவன் இளைஞனாக வியன்னாவுக்கு வந்து ஹைடனிடம் இந்தப் பயிற்சிகளைச் செய்த தாள்கள் இன்றும் கிடைக்கின்றன. குரு கவனிக்காமல் விட்டுவிட்ட பிழைகள் அவற்றில் ஏராளம் என்று ஆராய்ச்சியாளர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். சிவப்புக் கோடு விழுந்த தாளைப் பார்த்து முகம் வாடுகிற பொருளாதார மாணவிக்கு இது ஒரு சிறு ஆறுதல்.

அயலாராக வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கு இத்தகைய வகுப்பொன்று ஜீவிய மார்க்கத்தையே மாற்றிவிட்ட கதை அமெரிக்க நாடகமேடையில் பிரசித்தமானது. பின்னாளில் இசைநாடகங்கள் எழுதிப் புகழ்பெற்ற ஸ்டீபன் ஸோண்ட்ஹைம் 1946இல் பதினாறு வயதுப் பிள்ளையாக மாசசூசெட்ஸில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியில் சேர்ந்தபோது கணிதத்தில் அவருக்கு நாட்டம் அதிகம். சங்கீதம் அங்கே அவர் எடுத்துக்கொண்ட விருப்பப் பாடம். அதை நடத்திய ராபர்ட் பாரோ என்பவர் உணர்ச்சி ததும்பப் பேசத் தெரியாதவர். வறண்ட மனிதர் என்று மற்ற மாணாக்கர்கள் அவரைச் சற்று ஒதுக்கியே வைத்திருந்தார்கள். ஸோண்ட்ஹைமுக்கோ அந்த வறட்சியே அமிர்தமாயிருந்தது. சங்கீதம் என்பது எங்கோ வானத்திலிருந்து திடீரென்று ஒருவன் தோளில் வந்து அமரும் தேவதையின் வரம் என்று அதுவரையில் நம்பிக்கொண்டிருந்த அந்தப் பையன், ஏழாவது ஸ்வரம் ஏன் எட்டாவதை நோக்கி இழுக்கிறது, அந்த இழுப்பை எப்படி ஒத்திப்போடலாம், ஒத்திப்போட்டால் என்ன நேரும் என்று பாரோ கணக்குப்போல விடுவிடுவென்று விளக்கியதைக் கேட்டு, இது கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் என்று கண்டுகொண்டதாகப் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். சங்கீதத்தையே பிரதான பாடமாக்கிக்கொண்டு 1950இல் பட்டம் பெற்றபோது அவருக்குக் கிடைத்த பரிசுப் பணத்தைக் கொண்டு, மில்டன் பாபிட்டிடம் போய்ப் பாடம் கேட்டார். பாபிட் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் கணிதமும் சங்கீதமும் போதித்தவர். மிகக் கடினமான நவீன சங்கீதத்துக்குப் பேர்போனவர். அப்படிப்பட்டவர் இந்த இளைஞனை மொசார்ட்டையும் பிராட்வே நாடகப் பாட்டுக்களையும் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னாரே ஒழிய, தம் நவீன முறையைச் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார். பழைய முறையின் வளத்தையே நீ இன்னும் தீர்த்துவிடவில்லையே என்பது அவர் சொன்ன காரணம். கலிபோர்னியாவில் ஷோன்பெர்க்கும் தம் பன்னிரு ஸ்வர முறையை வகுப்பில் அவிழ்த்துவிடாமல், பாஹ், மொசார்ட், பேத்தோவன், பிராம்ஸ் என்றே கற்பித்து வந்தார் என்பதை இதனோடு சேர்த்து நினைக்கலாம்.

ஆனால் ஷோன்பெர்க்கிடம் பாடம் கேட்ட ஒருவரே இதற்கு நேர்மாறான வகுப்பொன்றை நடத்தினார் என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று. ஜான் கேஜ் என்னும் அந்த இளைஞருக்கு ஹார்மனியில் இயல்பான உணர்வு கிடையாது என்று குரு கண்டார். இசை எழுதப் புகுந்தால் ஓரிடத்தில் கடக்க முடியாத சுவர் குறுக்கே நிற்கும் என்று எச்சரித்தார். அப்படியானால் ஆயுள் முழுவதும் அந்தச் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருப்பேன் என்று தாம் பதில் சொன்னதாகக் கேஜ் சொல்லுவார். முட்டிக்கொண்டும் இருந்தார். அவர் 1956 முதல் சில ஆண்டுகள் நியூயார்க்கில் நியூ ஸ்கூல் என்னும் கல்வி நிலையத்தில் இசையமைப்பு வகுப்பு நடத்தினார். 1919இல் தோன்றிய அந்த நிலையம், பகலில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் மாலையில் வந்து படிப்பதற்கு இடம் கொடுத்தது. இன்ன தகுதி வேண்டும் என்ற நிபந்தனை இல்லாத அந்த வகுப்புக்கு வந்தவர்களுள் ஜார்ஜ் பிரெக்ட் ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியில் இரசாயன நிபுணர். ஆலன் காப்ரோ சித்திரக்காரர். ஜாக்சன் மக்லோ கவிஞர். ஆல் ஹான்சன் என்பவர் சினிமாவில் ஆசைகொண்டவர். (அதே நியூ ஸ்கூலில் கேஜ் காளான் இனங்களைக் கண்டறிவதற்கும் வகுப்பு எடுத்தார். காளானைப் பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்லி 1959இல் இத்தாலியத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பெருந்தொகை பரிசும் வாங்கினார். இந்த மனிதரைப் பற்றி எழுதப் புகுந்தால் காளானைத் தவிர்க்க முடிவதில்லை.)

கேஜின் வகுப்பில் இணைப் பஞ்சமம் இல்லை, எட்டுக் கட்ட வாக்கியமும் இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவரும் ஏதோவொன்றை எழுதிக்கொண்டு வர வேண்டும். அங்கே கிடக்கும் பியானோ, மேளம், விளையாட்டுச் சாமான் முதலியவற்றை வைத்துக்கொண்டு அதை உடனே நிகழ்த்திக் காட்ட வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து அதைப் பற்றிப் பேசுவார்கள். பிரெக்டின் 1958ஆம் ஆண்டுக் குறிப்பேடு பிற்காலத்தில் அச்சாகியிருக்கிறது. ஓர் இரசாயனச் சாலையின் குறிப்பேடு போலவே அது ஒலியின் குணங்களை வரிசைப்படுத்திக்கொண்டு தொடங்குகிறது: ஸ்தாயி, நீளம், வன்மை, ஒலிக்குள் அடங்கிய உப ஸ்வரங்கள், ஒலி பிறந்து நின்று தேயும் விதம். மறு ஆண்டில் அவர் எழுதிய ஒரு படைப்பை ரயில் நிலையத்தில் நிகழ்த்த வேண்டும். ரயில் அட்டவணையில் ஏழு மணி பதினாறு நிமிஷம் என்றிருந்தால் அதை ஏழு நிமிஷம் பதினாறு விநாடி என்று கொண்டு, அந்த நேர அளவுப்படி ஒலிகளை அமைத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்றில் சொட்டுச் சொட்டாக நீர் ஒரு வெறும் பாத்திரத்தில் விழுகிறது, அவ்வளவுதான் சங்கீதம். காப்ரோ அதே 1959இல், ஒரு சித்திரசாலையின் அறைகளில் சபையோரையும் நிகழ்ச்சியின் அங்கமாக்கி ‘ஹாப்பனிங்’ என்ற புதிய கலைவகைக்குப் பெயர் கொடுத்தார். சித்திரம், நாடகம், கவிதை ஆகிய மூன்றின் பிற்கால வரலாற்றிலும் இந்தச் சிறு மாலை வகுப்பின் சுவடு பதிந்திருக்கிறது. சங்கீதத்தின் வரலாற்றிலோ, வியப்பு என்னவென்றால், அவ்வளவு ஆழமாகப் பதியவில்லை.

பாத்திரத்தில் சொட்டும் நீரைச் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ள என் செவி இன்னும் இணங்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயினும் அந்த வகுப்பை வெறும் கூத்து என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு உரக்க, எதற்குப் பின் எது, நடுவே எவ்வளவு மௌனம் என்ற கேள்விகளுக்கு அங்கேயும் விடை எழுதியாக வேண்டும். எழுதியதைப் பிறர் முன்னிலையில் ஒலிக்கவைத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பொருளாதார மாணவியின் ஐந்தாவது கட்டத்தின்மேல் விழுந்த கேள்விக்குறியும் அதையேதான் கேட்டது. இரண்டு வகுப்புகளுக்கும் பிறதுறைக்காரனிடம் வேண்டியது இந்தப் பதில்தான்.

இன்றைய கல்லூரிகளில் இந்த இரு மரபுகளும் அக்கம்பக்கமாக நடக்கின்றன. எம்.ஐ.டி.யில் ஹார்மனியும் கவுண்டர்பாயிண்டும் ஒரு வரிசையாகக் கற்பிக்கப்படுகின்றன. அதனோடுகூட, முறையான பயிற்சி எதுவும் தேவையில்லை என்று அறிவித்துவிட்டு நடத்தப்படும் இசையமைப்பு அறிமுக வகுப்பும் உண்டு. பின்னதில், வாத்தியம் வாசிக்கிறவருக்கு இசையமைப்பாளர் தரும் கட்டளைகள் வசனமாக இருக்கலாம், சித்திரமாக இருக்கலாம், ஐந்து கோட்டுக் குறியீடாகவும் இருக்கலாம் என்று மூன்று வழிகளையும் மாணாக்கர்கள் படிப்படியாகச் செய்துபார்க்கிறார்கள். ஐந்து கோடு படிக்கத் தெரியாதவன் வெட்கப்பட வேண்டியதில்லை என்பது இதன் அனுகூலம். பிரதிகூலமும் உண்டு. விதி என்ற கைப்பிடி இல்லாத இடத்தில், பரீட்சைக் கேள்விகளுக்கு விடை எழுதியே பழகிய பிள்ளை திகைத்துப்போகிறான். எது சரி என்று சொல்லுங்கள், அதை எழுதிக்கொடுக்கிறேன் என்று ஆசிரியரை நச்சரிக்கிறான். என் அபிப்பிராயத்தில், கணக்கிலும் விஞ்ஞானத்திலும் ஊறியவர்கள் முதலில் விதியுள்ள வகுப்புக்குப் போவது நலம்; சித்திரமும் இலக்கியமும் பயின்றவர்கள் மற்றதில் நுழையலாம். அறிஞர்கள் இதை ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ.

எந்த வழியில் போனாலும் பருவத்தின் இறுதியில் ஒரு பரீட்சை காத்திருக்கிறது. வாத்தியக்காரர்கள் வந்து மாணாக்கர் எழுதியதை வாசித்துக் காட்டும் தினம் அது. அதுவரையில் மியூஸ்ஸ்கோர் போன்ற கணினிச் செயலிகளில் எழுதி, அந்த இயந்திரமே வாசித்துக் காட்டியதைக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தவனுக்கு அன்றுதான் உண்மை புலப்படும். இயந்திரத்துக்கு மூச்சு வாங்குவதில்லை. கிளாரினெட்டுக்கு நாற்பது விநாடி இடைவெளியே இல்லாமல் ஒரு நீண்ட சஞ்சாரத்தை எழுதிக்கொடுத்தாலும் அது தளராமல் வாசித்துவிடும். மனிதரோ தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘தம்பி, நான் எங்கே மூச்சு விடுவது?’ என்று கேட்பார். இயந்திரத்தில் புல்லாங்குழலின் மிகக் கீழான ஸ்வரம் நாலு எக்காளங்களுக்கு நடுவிலும் கணீரென்று கேட்கும். மேடையில் அது இருந்த இடம் தெரியாது. வயலினுக்கு இரண்டு ஸ்வரங்களை ஒருங்கே எழுதும்போது, மிகத் தாழ்ந்த தந்தியின் திறந்த ஸ்வரத்தையும் அதற்கு அடுத்த ஸ்வரத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் இயந்திரம் மறுபேச்சு இல்லாமல் ஒலிக்கும். வயலின்காரர் சிரிப்பார், அந்த இரண்டும் ஒரே தந்தியில் இருப்பவை; ஒரு தந்தியில் ஒரே சமயத்தில் இரண்டு ஸ்வரம் பிறக்காது. பௌதிகம் படித்த மாணாக்கன் தந்தியின் அதிர்வைப் பற்றிச் சமன்பாடு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவனாயிருந்தும், வாத்தியக்காரர் கைவிரலைக் காட்டிச் சொன்ன பிறகே இது அவனுக்கு உறைக்கிறது.

அன்று அவன் எழுதிய இரண்டு நிமிஷச் சங்கீதம் பெரும்பாலும் சுமாராகவே இருக்கும். அதில் வியப்பில்லை. மதிப்பெண்ணைப் பற்றிய கவலையும் பலருக்கு இருப்பது உண்மை; தேறினார், தேறவில்லை என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளும் ஏற்பாட்டைச் சில கல்லூரிகள் விருப்பப் பாடங்களுக்கு அனுமதிப்பது இந்தக் கவலையை உத்தேசித்துத்தான். சேர விரும்புகிறவர்கள் சேருமுன் ஆசிரியரை நேரில் கண்டு பேசிவிடுவது நல்லது. சங்கீதத் துறை மாணாக்கர்களுக்கு முதலிடம் கொடுத்துவிட்டு மிச்சமிருக்கும் நாற்காலிகளை மற்றவர்களுக்குக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம்; மூன்று நான்கு மணி நேரம் வாரந்தோறும் எழுத்துக்கென்று ஒதுக்க முடியாதவனுக்கு அந்த நாற்காலி கிடைத்தும் பிரயோசனமில்லை.

கல்லூரிக் காலத்தைக் கடந்துவிட்டவர்களும் ஷோன்பெர்க்கின் வழியில் ஒரு பயிற்சியை வீட்டிலேயே செய்துபார்க்கலாம். ஒரு ஹார்மோனியப் பெட்டி இருந்தால் போதும். ச, க, ப என்ற மூன்று ஸ்வரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் ஸட்ஜத்தையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். வேறு ஸ்வரம் தொடக்கூடாது. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்குள் அடங்கும்படி ஒரு சிறு மெட்டு அமைத்து எழுதிவைத்துக்கொண்டு, பிறகு ஸ்வர வரிசையை மாற்றாமல் ஒவ்வொரு ஸ்வரத்தின் கால அளவை மட்டும் மாற்றியும், காலத்தை மாற்றாமல் வரிசையை மட்டும் மாற்றியும், அதிலிருந்து பத்து விதங்கள் எழுத வேண்டும். ஏழாவது எட்டாவது வரும்போது கை நின்றுவிடும். அங்கே நிறுத்திவிடாமல் பத்தையும் முடித்து, மறுநாள் எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்து, எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கிழித்துப்போடலாம் என்று முடிவுசெய்து, அதற்குக் காரணத்தையும் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவைக்கலாம்.